ஒரு ஊரைக் கழித்துக்கொள்ளுங்கள்

பஸ் நின்று வெகுநேரமாகிவிட்டது. பர்லியாருக்குச் சற்றுக் கீழே, பாக்கு மரங்கள் அடர்ந்து நிற்கும் ஒரு வளைவு. நல்ல மழை. எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டதால் உள்ளே ஈர ஸ்வெட்டர் வாடையும், யாரோ வாங்கிவந்த பலாப்பழத்தின் வாசனையும் சேர்ந்து தலைவலியைக் கிளப்பின. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அதன்பிறகுதான் மழைக்கு எவ்வளவு சத்தம் என்பது காதில் விழுந்தது.

என் மடியில் போன் கிடந்தது. அன்று காலை, நான் கல்லூரிக்குக் கிளம்பப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, கோவையிலிருந்து மகன் கதிர் கூப்பிட்டிருந்தான்.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு வலிங்கம்மா. ஆஸ்பத்திரில சேத்தியிருக்கேன். டாக்டரு உங்களை உடனே வரச் சொல்றாருங்க."

உடனே என்று டாக்டர்கள் சும்மா சொல்வதில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மரப்பாலம் தாண்டினோம், பர்லியார் தாண்டினோம், நின்றுவிட்டோம். கீழே ஒரு மரம் சாய்ந்து பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார்கள்.

இது சில வருடங்களுக்கு முன் நடந்தது. போன வாரம் இந்தப் பத்தியில், நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "கணவர் கோவையில், நான் மலையில் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, அந்த வரிக்குள் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டிருந்தார். கோபமாகத்தான் கேட்டிருந்தார். அந்த வரிக்குள் இந்த பஸ் இருக்கிறது அம்மா. அதனால்தான் தாண்டினேன்.

சனிக்கிழமைக் குடித்தனம்

என் வீட்டுக்காரருக்குக் கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கணக்கு வேலை. அவருக்கு மலைக்குளிர் ஆகாது, இளைப்பு வந்துவிடும். எனக்கோ மலைமேல் ஒரு கல்லூரியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அவர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. இடமாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன். மகனும் படிப்புக்காக அவரோடு கீழே போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் அவர் பஸ் ஏறுவார். பர்லியார் வரைக்கும் சட்டையோடு வருவார். பர்லியாரில் ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வார். குன்னூரில் இறங்கி, பெட்போர்டு மேட்டில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு மூச்சு வாங்கியபடி நடந்து வரும்போது கண் மட்டும்தான் வெளியே தெரியும். திங்கட்கிழமை விடியலில் அதே ரோட்டில் இறங்கிப் போய்விடுவார்.

மலையில் வசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழேயிருந்து வருகிறவரை, வீட்டிலிருப்பவர் போனில் கேட்பார்: எங்கே வந்திருக்கீங்க? வருகிறவர் உண்மையைச் சொல்லமாட்டார். இருக்கிற இடத்துக்கு ஒரு ஊர் முன்னால் சொல்வார். கல்லாற்றில் இருந்தால் பர்லியார் என்பார். பர்லியாரில் இருந்தால் மரப்பாலம் என்பார். காத்திருக்கிறவருக்கு அது ஒரு ஆறுதல். காத்திருக்கிறவரும் லேசுப்பட்டவர் இல்லை, மனசுக்குள் ஒரு ஊரைக் கழித்துக்கொள்வார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

கல்யாணமாகி, மலையில் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கைபோன் வந்திராத காலம். பர்லியாரில் பஸ் நிற்கும்போது டீக்கடைக்குப் பக்கத்து பூத்திலிருந்து கூப்பிடுவார். "மரப்பாலம் வந்துட்டேன் பத்மா" என்பார். நான் நம்பி உலை வைத்துவிடுவேன். அவர் வந்து சேரும்போது சாதம் களியாகக் கிடக்கும். "ஏனுங்க, மரப்பாலம்னு சொன்னீங்களே" என்றால், "மனசு வந்துருச்சு, ஒடம்பு பின்னால வருது" என்று சிரிப்பார். கொஞ்ச நாளில் நானும் கழிக்கக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு சாதம் குழையவில்லை.

கிரேக்கக் கிழவரின் வம்பு

முதலாண்டு மாணவிகளுக்கு முடிவிலித் தொடர்களை நடத்தத் தொடங்கும்போது, ஒரு பழைய கிரேக்கரின் வம்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழசான வம்பு. ஒரு இடத்துக்குப் போகவேண்டுமானால் முதலில் பாதி தூரம் போகவேண்டும். பிறகு மீதியில் பாதி. அதற்குப் பிறகும் மீதியில் பாதி. எப்போதும் ஒரு பாதி மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே யாரும் எங்கும் போய்ச் சேரமுடியாது, நடை என்பதே பொய் என்றார் அந்த மனிதர். சொல்லிவிட்டு வீட்டுக்கு எப்படிப் போனாரோ!

அவரை மடக்க உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. இன்றைய கணிதம் நிதானமாகப் பதில் சொல்கிறது. அரை, கால், அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்றைத் தாண்டமாட்டீர்கள். ஆனால் ஒன்றுக்கு இவ்வளவு நெருக்கத்தில் வரவேண்டும் என்று யார் எவ்வளவு சின்ன இடைவெளியைச் சொன்னாலும், அதைவிட நெருங்கிவிடுவீர்கள். அதனால் அந்த முடிவில்லாத கூட்டலின் மதிப்பு ஒன்றேதான், அதற்குக் குறைவில்லை. தூரம் சிறுக்கச் சிறுக்க, அதைக் கடக்கும் நேரமும் சிறுக்கிறது. முடிவில்லாத பாதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண மத்தியானத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கடைசி அடி என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் வீடு வந்துவிடுகிறது.

ஒரு வருடம், தேவர்சோலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். கூடலூர்ப் பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும்.

"மேடம், ஓரோ பாதிக்கும் ஒரே நேரம் ஆச்சுன்னா?"

"அது சீசன் டைம் ஊட்டி பஸ்ஸுடி!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. பாதிகள் சிறுத்துக்கொண்டே போக, ஒவ்வொரு பாதிக்கும் ஆகும் நேரம் மட்டும் குறையாமல் இருந்தால், கூட்டல் எங்கும் நிற்காது. அப்போது கிரேக்கர் சொன்னதே சரி, ஒருபோதும் போய்ச் சேரமாட்டோம். இதைப் பயிற்சிக் கணக்காகப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். மப்ளரைக்கூட அவிழ்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊடு வந்து சேர முடியாதுன்னு சொல்லித் தர்றதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"வந்து சேரலாம்னு சொல்லித் தர்றதுக்குங்க."

"அத நான் வாராவாரம் செஞ்சு காட்டீட்டுத்தான இருக்கறேன்?"

அதன்பிறகு போனில் ஊர்ப்பெயர் சொல்வதைக் குறைத்துவிட்டார். கைபோன் வந்ததும் வசதியாகப் போயிற்று. "பாதி" என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நேரம் கழித்து "மிச்சத்துல பாதி." அப்புறம் "அதுலயும் பாதி." கடைசியில் கதவு தட்டுகிற சத்தம் கேட்கும். "இன்பினிட்டி வந்திருக்கேன், கதவத் தொற புள்ள!" பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்பினிட்டி என்பது அவருடைய பட்டப்பெயர் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாரத்தில் மற்ற நாட்கள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. பால்காரரிடம் இரண்டு வார்த்தை, வகுப்பில் இருக்கிற வார்த்தையெல்லாம், திரும்பி வந்தால் குக்கர் விசில். பனி இறங்கும் மாதங்களில் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே தெரியாது. நான் எப்போதும் தனியாகத்தான் இருந்தேன். சனிக்கிழமை வரும் என்று தெரிந்திருந்ததால் அதைத் தனிமை என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கொழுந்தைப் பிடிக்க முடியாது

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன். பக்கத்து சீட்டில் செல்லம்மா என்று ஒரு அம்மா. அறுபது தாண்டியிருக்கும். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்து, குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"யாருக்கு என்னா டீச்சரம்மா? போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, தன் கம்பளியின் ஒரு பாதியை என் மடியில் இழுத்துப் போட்டார். அதன்பிறகு, நான் யோசிக்கக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, பேசிக்கொண்டே இருந்தார்.

"மழ பேஞ்சா எங்களுக்குத் தல சுத்தும் டீச்சரம்மா. இந்த மலைய பறிச்சு முடிச்சிட்டு அடுத்த மலைக்குப் போனா, மொதல்ல பறிச்ச மலையில கொழுந்து மறுபடி வந்து நிக்கும். லீவு கேட்டா தொர மொறைப்பாரு."

அவர்கள் மலை என்று சொல்வது தேயிலைப் பாத்தியை, தொர என்பது எஸ்டேட் மேனேஜரை. எனக்கு அந்த நிலையிலும் கிரேக்கரின் இன்னொரு வம்பு ஞாபகம் வந்தது. வேகமாக ஓடுகிற ஒருவன், முன்னால் போகும் ஆமையைப் பிடிக்கவே முடியாதாம். ஆமை இருந்த இடத்துக்கு அவன் வருவதற்குள் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். இதற்கும் அதே கூட்டல்தான் பதில். இடைவெளிகளைக் கூட்டினால் இந்த இடத்தில், இந்த நேரத்தில் பிடிப்பான் என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம். ஆமையைப் பிடித்துவிட்டோம். கொழுந்தை மட்டும் செல்லம்மா இன்னும் பிடிக்கவில்லை.

நடுநடுவே டிரைவர் எஞ்சினைக் கிளப்புவார். பஸ் கொஞ்சம் உருண்டு நிற்கும். மீண்டும் காத்திருப்பு. பிறகு முன்னதைவிடக் கொஞ்சமாக உருளும். சாய்ந்த மரத்துக்கு இருந்த தூரம் ஒவ்வொரு முறையும் பாதியாகிக்கொண்டு வந்தது. காத்திருக்கும் நேரம் மட்டும் குறையவே இல்லை. அந்தத் தேவர்சோலைப் பெண்ணின் கேள்விக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பலகையில் ஒரு வரியில் எழுதிப்போட்ட அந்தக் கணக்குக்கு விடை எனக்குத் தெரியும்: ஒருபோதும் போய்ச் சேரமாட்டோம். அதனால்தான் பயம் அதிகமாயிற்று.

நகராத புள்ளி

போன் அடித்தது. கதிர்.

"எங்கம்மா இருக்கீங்க? நீங்க அனுப்பின லொகேஷனப் பாத்தா புள்ளி நகரவே இல்லீங்களே."

"பர்லியார்டா. மரம் விழுந்திருக்குது. அப்பா எப்படி இருக்கறாரு?"

"முழிச்சிருக்காருங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு. சீக்கிரம்…" அங்கேயே சிக்னல் போய்விட்டது. அந்த வளைவுகளில் அப்படித்தான்.

திரையில் அந்த நீலப் புள்ளி அப்படியே நின்றது. அந்தக் கிழவருக்கு அம்பைப் பற்றியும் ஒரு வம்பு உண்டு. பறக்கிற அம்பை எந்த ஒரு கணத்தில் பார்த்தாலும் அது ஓரிடத்தில் நிற்கத்தான் நிற்கிறது. கணம் கணமாக நின்றால் எப்போது பறக்கிறது? இன்றைய பதில் சின்னது. ஒரு கணத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அதில் ஓட்டமும் இல்லை, நிற்றலும் இல்லை. அப்போது அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது. அதற்குப் பெயர்தான் நகர்வது. முன்னும் பின்னும் இருக்கிற கணங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் வேகம் என்று ஒன்று உண்டு.

இத்தனையும் தெரிந்த எனக்கு, அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன்.

ஏறுகிற வண்டிக்கு வழி

செல்லம்மா எழுந்து முன்னால் போய் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, கீழேருந்து ஏறுற வண்டி வந்துட்டே இருக்குதுங்க. ஏறுற வண்டிக்குத்தானுங்களே வழி உடோணும். நடுவுல நின்னா மறுக்கா எழும்பாதுங்க" என்றார். அது மலை ரோட்டின் சட்டம். இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கவேண்டும், ஏறுகிற வண்டி போகவேண்டும். இத்தனை வருடம் சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தச் சட்டம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்டக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். நான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் மூட்டை ஏற்றிய ஒரு லாரி முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. இவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். இவர் கிட்டே போய்ச் சொன்னார்.

லாரி நின்றது. அந்த ஏற்றத்தில், அந்த லோடோடு. லாரிக்காரரே இறங்கி, ரோட்டோரத்துக் கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவர் அவர்களைப் பார்த்து, "அந்தம்மா போவட்டும், இருங்கய்யா!" என்று கத்தினார்.

எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு கார்களும் எங்கள் பஸ்ஸும் மரத்தை உரசிக்கொண்டு கடந்தன. மழையில் நனைந்து நின்ற அந்த மனிதரைத் தாண்டும்போது கும்பிட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. இறங்குகிற வண்டிக்காக ஏறுகிற லோடு வண்டி நின்றதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

அதுக்குள்ளயா

ஆஸ்பத்திரியில் கதிர் வாசலிலேயே நின்றிருந்தான். கண்ணாடிக் கதவுக்குள் என்னை மட்டும் விட்டார்கள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"அதுக்குள்ளயா வந்துட்ட?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யுகம் யுகமாகக் காத்திருந்து வந்தவளைப் பார்த்து அதுக்குள்ளயா என்கிறாரே! அவர் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் போடுலயா? கையெல்லாம் சில்லுனு இருக்குது" என்றார். மழை எப்படி என்று கேட்டார். என் கையை விடவே இல்லை. அன்று சாயங்காலம், வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில், போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு கதிர் சொன்னான். நான் பர்லியாரில் இருக்கிறேன் என்று அவன் உள்ளே போய்ச் சொன்னபோது, அவர் சிரித்தாராம்.

"பர்லியார்னா சொன்னா? அப்ப இன்னும் மரப்பாலந்தான் தாண்டியிருப்பா. நேரமாகும். அதுவரைக்கும் நான் இருந்துக்கோணும்" என்றாராம்.

அன்று நான் பழக்கத்துக்கு மாறாக உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் பழக்கப்படி கழித்துக்கொண்டார். இல்லாத ஒரு தூரத்துக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்து வைத்திருந்தார். அதனால்தான் நான் சீக்கிரம் வந்தவளாகிவிட்டேன்.

அதன்பிறகு சில வருடங்கள் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றேன். கிரேக்கரின் வம்பை நிறுத்தவில்லை. அந்தப் பயிற்சிக் கணக்கை மட்டும் கொஞ்சம் நின்று நடத்தினேன். எங்கள் குடித்தனமும் அந்த அம்பு மாதிரிதான். எந்தச் சனிக்கிழமையைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அதில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சாதம், ரசம், மப்ளர், தூக்கம். ஆனால் எல்லாம் சேர்ந்து எங்கோ கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

இன்னமும் பெட்போர்டு மேட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கோவைக்கு வந்துவிடச் சொல்லி கதிர் கூப்பிடுகிறான். பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மேட்டில் யாராவது மூச்சு வாங்கியபடி நடந்தால், அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுக்கிறேன். எதிர்வீட்டைப் பனி மூடிவிட்டால் அந்தக் காலடியும் கேட்பதில்லை.

தினமும் காலையில் கதிர் போன் செய்வான். நல்ல பிள்ளை, ஒரு நாளும் மறந்ததில்லை.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறேன் சாமி."

"சரிங்கம்மா" என்று நிம்மதியாக வைத்துவிடுவான். கீழே வளர்ந்தவன். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வான். நான் சொன்னதில் ஒரு ஊரைக் கழித்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.